அரைச் சம்பளம்

எழுபதுகளில் சங்கரன்கோவிலில் காலேஜ் கட்டணத்தைச் சம்பளம் என்றுதான் சொல்வோம். கெடு முடிந்த மறுநாள் பியூன் ஒரு தாளோடு வகுப்புக்கு வருவார். சம்பளம் கட்டாதவர்களின் பெயரைப் பேராசிரியர் சத்தமாக வாசிப்பார். பெயர் வந்தவர்கள் எழுந்து வெளியே போக வேண்டும், கட்டிவிட்டுத்தான் திரும்ப வரலாம். இரண்டு முறை அப்படி வெளியே நின்றேன். அதன் பிறகு கெடு நெருங்கினாலே எனக்குச் சோறு இறங்காது. டாக்டர் பூச்சி மாத்திரை கொடுத்தார். பூச்சி பாவம், அது என்ன செய்யும்.

ஏழைப் பிள்ளைகளுக்கு அரைச் சம்பளம் உண்டு. அதற்குக் கிராம முன்சீப்பிடம் வருமானச் சான்று வாங்க வேண்டும். அப்பா அடுத்தவர் தறியில் கூலிக்கு நெய்தவர், தகுதி எங்களுக்குத் தாராளமாகவே இருந்தது. ஆனால் முன்சீப் வருமானத்தைக் கேட்ட நேரம் பார்த்து, அக்காவைப் பெண் கேட்டிருந்த கரிவலத்துக்காரர் பக்கத்தில் நின்றிருக்கிறார். அப்பா இரண்டு மடங்காகச் சொல்லிவிட்டு வந்தார். சலுகை போயிற்று. கௌரவம் உங்களுக்கு, வெளியே நிற்பது நானா என்று கத்தினேன். நான் இளையவள், எனக்கு வாய் அதிகம். இன்னொரு முறை பெயரை வாசித்தால் காலேஜையே விட்டுவிடுவேன் என்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன்.

காலையில் அப்பா சட்டையை மாட்டினார். முன்சீப்பிடம் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போகும்படி அம்மா கெஞ்சினாள்.

"பொய்ய நாலு பேரு முன்னால சொன்னேன். மெய்ய மட்டும் ஒளிஞ்சு போய்ச் சொல்லவா?"

என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வழியில் பஜாரில் நின்று, கடையில் இருந்த கரிவலத்துக்காரரையும் கூப்பிட்டார். ஏதோ நல்ல செய்தி என்று அவரும் வந்தார். முன்சீப் முன்னால், அங்கிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, அப்பா தன் உண்மையான கூலியைச் சொன்னார். கரிவலத்துக்காரர் எங்களைப் பார்க்காமலே இறங்கிப் போனார். அந்தச் சம்பந்தம் அன்றோடு முடிந்தது. அக்காவுக்கு மறுவருஷம் வேறு இடத்தில் அமைந்தது. நான் அரைச் சம்பளத்தில் படித்துப் பட்டம் வாங்கினேன். அதைவிட அன்று அப்பா பக்கத்தில் நின்றதுதான் எனக்குப் பெருமை.

திரும்பி வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா எனக்கு மணையை எடுத்துப் போட்டார்.

"ஏட்டி, இனிமே உன் பேர யாரும் வாசிக்க மாட்டாவ. சோறு தின்னு."