வால்கள் வெளிப்பக்கம்

எனக்குச் சந்தேகப் புத்தி. பால் பாக்கெட் வாங்கினால்கூட ஓட்டை இருக்கிறதா என்று தூக்கிப் பார்ப்பேன். அப்படிப்பட்ட என்னைக் கொண்டுபோய் ரிலீவர் வேலையில் போட்டார்கள்.

ஒரகடம் பக்கத்தில், காருக்குள் ஓடும் ஒயர்களைச் சேர்த்துக் கட்டுகிற கம்பெனி. ஷிஃப்ட் முழுக்க நின்றபடி வேலை, உட்காரக்கூடாது. லைனில் யாராவது பாத்ரூம் போனால், அவர்கள் திரும்பும்வரை அந்த இடத்தில் நின்று வேலை செய்பவள்தான் ரிலீவர். யார் எத்தனை தடவை போகிறார்கள் என்ற கணக்கு என்னிடம் இருக்கும்.

எங்கள் லைனில் ஒரு பெண் நான்கு மாதக் கர்ப்பம். தெரிந்தால் கான்ட்ராக்டர் மறுநாளே நிறுத்திவிடுவார். சட்டம் இருக்கிறது என்பார்கள், கான்ட்ராக்ட் ஆட்கள் வரைக்கும் அது வந்து சேர்வதில்லை. புருஷனுக்கு அப்போது வேலை இல்லை. வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டவள், ஊருக்குத் திரும்பவும் வழியில்லை. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்தது, அவள் ஒரு ஷிஃப்டில் ஆறு தடவை போகிறாள் என்பது மட்டும்.

போனைக் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். இவள் இன்னொன்றை ஒளித்துக் கொண்டுவந்து யாருடனோ பேசுகிறாள் என்று முடிவு கட்டினேன். அவளும் இன்னும் ஆறு பேரும் தெற்கத்திப் பெண்கள். டீ பிரேக் பத்து நிமிடமும் ஷூ ரேக் பக்கத்தில் வட்டமாக நிற்பார்கள், தலைகள் உள்ளே, முதுகுகள் வெளியே. நான் போனால் பேச்சு நின்றுவிடும். நான் இங்கே பக்கத்து மண்ணூர்க்காரி, சூப்பர்வைசரும் எங்கள் ஊர்ப் பக்கம். என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், அந்தப் பொண்ணு இன்னாத்துக்கு இத்தினி தபா போவுது? கேக்க மாட்டீங்களா?" என்று சூப்பர்வைசரிடம் போட்டுக் கொடுத்தேன்.

"பாக்கலாம்மா" என்றார். மறுநாளும் சொன்னேன். அதற்கு மறுநாளும்.

நான்காம் நாள் அவளைத் தனியாகக் கடைசி மூலையில், பேக்கிங் மேஜைக்கு மாற்றினார். எனக்குத் திருப்தி. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த ஆறு பேரில் இரண்டு பேர் தங்கள் இடத்தை விட்டுவிட்டு நேராக அங்கே போனார்கள். லேபிள் மாறிவிட்டது, இவளுக்குத்தான் தெரியும் என்று ஏதோ சொல்லி, ஆளுக்கொரு பக்கமாக அவளை நடுவில் வைத்துக் கூட்டிவந்தார்கள். லைன் நின்றதற்கு இரண்டு பேருக்கும் நல்ல திட்டு. ஒன்றுமில்லாத விஷயத்துக்கு யார் இப்படித் திட்டு வாங்குவார்கள்? இதில் பெரிய கூட்டுக்களவு இருக்கிறது என்று நினைத்தேன்.

அன்று மதியம் ஷிஃப்ட் முடிந்து திரும்பும்போது, கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் கம்பெனி பஸ் நின்றுவிட்டது. பொழுது போகப் போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு திமிங்கல வீடியோ வந்தது. பெரிய தலையுள்ள ஒரு ஜாதி. பெண்களும் குட்டிகளும்தான் கூட்டமாகத் திரியுமாம். ஓர்க்கா என்கிற கொலைகாரத் திமிங்கலங்கள் வேட்டைக்கு வந்தால், குட்டியை நடுவில் விட்டு வட்டமாகச் சேர்ந்துகொள்கின்றன. தலைகள் உள்ளே, வால்கள் வெளியே. கிட்டே வருகிறவனுக்கு வாலடி. ஒன்றை ஓர்க்காக்கள் வெளியே இழுத்துவிட்டால், இரண்டு திமிங்கலங்கள் வட்டத்தை விட்டுப் போய், கடி வாங்கிக்கொண்டே இருபுறமும் அணைத்து அதைத் திரும்பக் கூட்டிவருகின்றன. வேறு சில ஜாதிகள் இப்படிச் சேர்வதில்லை, சத்தமில்லாமல் தப்பி ஓடிவிடும் என்றும் சொன்னார்கள்.

போனை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஆறு தடவை பாத்ரூம். அவள் போட்டுவரும் இரண்டு சைஸ் பெரிய கம்பெனி கோட்டு. வட்டத்துக்கு நடுவில் அவள் எதன்மீதோ உட்கார்ந்துகொள்கிறாள், அதனால்தான் அவள் தலை மட்டும் தெரிவதில்லை. இரண்டு பிள்ளை பெற்ற எனக்கு இது புரியவில்லையே! அவர்கள் யாருக்குப் பயந்து வட்டம் போடுகிறார்கள் என்று யோசித்தேன். கான்ட்ராக்டரா, சூப்பர்வைசரா? ஆனால் தினமும் அந்த முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தது நான்தான். என்மீதே வெறுப்பு வந்தது.

மறுநாள் காலையில் சூப்பர்வைசர் லைனுக்கே வந்தார்.

"இன்னாம்மா, நீ சொன்ன அந்தப் பொண்ணுக்கு உடம்புக்கு ஏதாவதா?"

பக்கத்தில் ஒயர் கட்டிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றுபோயின. அவள் தலையைத் தூக்கவில்லை.

"சூடு சார். வெயிலு இன்னா காய் காயுது! நீர்க்கடுப்பு. லேடீஸ் சமாச்சாரத்தையெல்லாம் நடு லைன்ல வெச்சு கேப்பீங்களா?" என்றேன் நான்.

அவர் ஓடியே போய்விட்டார். டீ பிரேக்கில் ஷூ ரேக் பக்கம் போனேன். இன்று எனக்கு இடம் விடுவார்கள் என்று நினைத்தேன். யாரும் நகரவில்லை. அவர்களில் வாய்த்துடுக்கான ஒருத்தி திரும்பாமலே சொன்னாள்.

"அக்கா, அங்கனயே நில்லுங்க. கதவைப் பார்த்து நில்லுங்க. யாரும் வந்தா சொல்லுங்க."

நின்றேன். முதுகுக்குப் பின்னால், அட்டைப்பெட்டி மேல் அவள் உட்காரும் சத்தம் கேட்டது. என்னையும் வட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள் என்று பெருமையாக இருந்தது. பிரேக் முடியும்வரை கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதற்குப் பிறகும் தினமும் அப்படியே நின்றேன்.

ஏழாம் மாதம்வரை அவள் வேலை பார்த்தாள். அதற்குள் புருஷனுக்கு இருங்காட்டுக்கோட்டையில் வேலை கிடைத்துவிட்டது. குழந்தை பிறந்த சேதியை, கம்பெனி வாசல் டீக்கடையில் சூப்பர்வைசர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"எனக்கு மொதல்லயே தெரியும்மா. அந்தப் பொண்ணுங்களே வந்து சொல்லிட்டாங்க. என் சம்சாரமும் லைன்ல நின்னவதான்."

"அப்புறம் ஏன் அவளை பேக்கிங்ல போட்டீங்க? ஏன் என்னை வந்து கேட்டீங்க?"

"நீ தெனம் வந்து சொல்லிகினே இருந்தியே. நான் ஒண்ணும் பண்ணலைன்னா நேரா எச்.ஆர். கிட்ட போய்டுவியோன்னு பயம்தான். லைனே உன்னைப் பாத்துதான்மா பயந்துச்சு."

காவலுக்கு நிறுத்தியிருக்கிறார்கள் என்று நான் பெருமைப்பட்ட அத்தனை டீ பிரேக்கும், அவளைப் பார்க்காதபடி என் முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பி வைக்கத்தான் போலிருக்கிறது.