எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் பாறை ஏறியவன்

பாறை ஏறப் பழகப் போகிற அன்று காலையில், உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுக் கிளம்பிய ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன். அன்று சனிக்கிழமை. எங்கள் வீட்டு ஆண்கள் சனிக்கிழமை எண்ணெய் தேய்க்கவில்லை என்றால் காய்ச்சல் என்று அர்த்தம். போதாக்குறைக்கு, பஸ் போய்விடுமே என்று சீயக்காயை அவசரமாகப் போட்டதில் பாதி எண்ணெய் உடம்பிலேயே தங்கிவிட்டது.

நாற்பத்தெட்டு வயதில் உனக்கு ஏனய்யா இந்த வேலை என்பீர்கள். ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய், புளி மொத்த வியாபாரம் எனக்கு. தொப்பை உண்டு. ஆசை எனக்கில்லை, கல்லூரியில் படிக்கும் என் மகள் மீனாவுக்கு. பாறையேற்றப் பயிற்சியில் சேர வேண்டும் என்று ஒரு மாதமாக நச்சரித்தாள். என் மனைவி கோமதி கடைசியில் தீர்ப்புச் சொன்னாள்: "முதல்ல நீங்க போய் ஏறுங்க. உச்சியில நின்னு போட்டோ எடுத்துட்டு வாங்க. உங்களாலயே முடியும்னா அவளும் போகட்டும். பாதியில எறங்கினா இந்தப் பேச்சை யாரும் எடுக்கப்படாது."

அந்த 'உங்களாலயே'வை நான் காதில் வாங்கவில்லை. "மூட்டை அடுக்குல ஏறியே வளர்ந்தவன். பாறை என்ன, பெரிய மூட்டை" என்று மீனாவிடம் சொன்னேன்.

"நல்லா சாப்பிட்டுப் போங்கப்பா" என்றவள், என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "வேண்டாம், கொஞ்சமா சாப்பிடுங்க" என்றாள்.

காலை ஆறு மணி. பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு சிதறுதேங்காய் உடைத்தேன். ஒரே அடியில் சிதறியது. நல்ல சகுனம்தான், அந்தத் தேங்காய் ஏன் என் மண்டையை நினைவூட்டியது என்று யோசிக்காமல் தம்பானூர் பஸ் நிலையத்துக்கு நடந்து விதுரா பஸ்ஸில் ஏறினேன். நெடுமங்காடு வழி, முப்பத்தைந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. டிக்கெட் ஐம்பது ரூபாய்க்குள். விதுராவிலிருந்து பொன்முடிச் சாலையில் ஆட்டோ, நூற்றைம்பது. பாறை ஏறப் போகிறேன் என்றதும் ஓட்டுநர் கண்ணாடியில் என்னை அளந்தார்.

"சேட்டா, ஞான் அவிடெ வெயிட் செய்யணோ?"

சீக்கிரமே திரும்பிவிடுவேன் என்று மனிதர் முடிவு கட்டிவிட்டார். வேண்டாம் என்றேன் கம்பீரமாக.

ரப்பர் தோட்டத்தைத் தாண்டினால் பாறை. நாற்பது அடி. எங்கள் கடைமேல் இன்னும் இரண்டு கடையை அடுக்கியதுபோல் நின்றது. பயிற்சியாளர் ஷீபா, நெடுமங்காட்டுக்காரி, முப்பது வயதிருக்கும். ஒரு நாளுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய். ஹெல்மெட், இடுப்புப் பட்டை, காலை நெருக்கும் ஷூ, மதியச் சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம். என்னோடு ஏறிப் பழக வந்தவள் அஞ்சு என்ற பெண், டெக்னோபார்க்கில் வேலை. என் பட்டையில் கட்டிய கயிறு பாறை உச்சி வளையத்தில் புகுந்து கீழே அவள் பட்டைக்கு வந்தது. நான் விழுந்தால் அவள் பிடிக்க வேண்டும்.

"நான் எண்பத்தைந்து கிலோ. இந்தப் பொண்ணு ஐம்பது இருப்பாளா?" என்றேன்.

"பிடிக்குறது அவள் பெல்ட்டிலுள்ள லாக்கு. பின்னே நானும் கயிறு பிடிக்கும். பேடிக்கண்டா" என்றாள் ஷீபா.

பயப்படாமல் ஏறினேன். ஆறடியில் இரு கையும் வழுக்கிக் கயிற்றில் தொங்கினேன். மறுபடி ஏறினேன், மறுபடி தொங்கினேன். ஷீபா வந்து என் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"சேட்டா, இது கையா, பப்படமா?"

"சனிக்கிழமை இல்லையா, எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சேன்."

"பாறைக்குச் சனி, ஞாயிறு ஒண்ணும் அறியில்லா."

பக்கத்து ஓடையில் மண் போட்டு இரண்டு முறை கை கழுவ வைத்தாள். பிறகு ஒரு சின்னப் பையை நீட்டினாள். உள்ளே வெள்ளைப் பொடி, கை வழுக்காமல் இருக்க. விரலை விட்டேன், பழக்க தோஷம், மூன்று விரலால் நெற்றியில் இழுத்துக்கொண்டேன்.

"அங்கிள், பூஜை கழிஞ்சோ?" என்றாள் அஞ்சு.

மூன்றாம் முறை. இருபத்தைந்து அடி வரை நானே மெச்சும்படி போனேன். அங்கே பிடி எதுவும் தெரியவில்லை. தலைக்கு மேலே கையால் துழாவினேன், எங்கும் வழவழப்புதான். 'போதும், இறக்குங்க' என்பது தொண்டை வரை வந்தது. சொன்னால் இறக்கிவிடுவார்கள், வீட்டில் மீனாவின் கதை அத்தோடு முடிந்தது.

"கையை விடு, காலை நோக்கு!" ஷீபாவின் குரல்.

குனிந்து பார்த்தேன். இடது முழங்காலுக்கு அருகே பாறையில் ஒரு விரிசல். இரண்டு மூட்டைக்கு நடுவில் இருக்குமே இடுக்கு, அதேதான். மூட்டை அடுக்கில் யாரும் கையால் தொங்கி ஏறுவதில்லை. இடுக்கில் கால் விரலைச் செருகி எழுந்து நிற்பதுதான். நின்றேன். இன்னொரு இடுக்கு, மறுபடி நின்றேன். மீனாவிடம் அளந்த கதையில் கொஞ்சம் உண்மையும் இருந்திருக்கிறது.

உச்சியில் கயிறு கட்டியபடியே எழுந்து, ஜிப் வைத்த பையிலிருந்து போனை எடுத்து, நெற்றிப் பொடியோடு போட்டோ எடுத்தேன். பொன்முடி மலை மஞ்சு மூடிப் பின்னால் நின்றது. நம்ம கடையில் மூட்டைதான் மேலே போகும், நான் கல்லாவில் கீழே உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கு ஒரு நாள் கல்லாவில் உட்காரும் இந்த மூட்டையும் மேலே போய் ஊரைப் பார்த்தது.

அங்கே சிக்னல் இல்லை. மாலை நெடுமங்காடு தாண்டியதும் போட்டோவை அனுப்பிவிட்டுக் கோமதியைக் கூப்பிட்டேன். பப்படத்தையும் விடாமல் முழுக் கதையும் சொன்னேன்.

"என்ன, மீனா போகலாமா?"

"போகட்டும், எண்ணெய் தேய்க்காம."