நாலு மூலை மஞ்சள்

பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் உட்கார்ந்தவளுக்கு மனிதர்கள் மேல் பெரிய மரியாதை மிஞ்சாது. காகிதத்தின் மேல் மிஞ்சும். ஆள் பொய் சொல்வான், செத்துப்போன அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டுக்கொண்டு வந்து கண்ணீரும் விடுவான். தாளைத் தடவினால் போதும். இருபது வருஷப் பழசு என்று அவன் சத்தியம் செய்கிற தாள் போன மாதம்தான் டீத்தண்ணீரில் குளித்தது என்று விரல் சொல்லிவிடும்.

இந்தப் புத்தி ஓய்வு பெற்ற பிறகும் என்னை விடவில்லை. ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு வரும் பாலையும் தேனையும் சோதிக்காமல் உள்ளே விடமாட்டேன். மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையின் சம்பளச் சீட்டைக்கூட ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பையன் தங்கமானவன் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவன் கம்பெனி வாங்குகிற தாள் மட்டம், அதில் மாற்றமில்லை.

அனகாபுத்தூரில் ஆற்றுப் பக்கச் சந்து ஒன்றில் ஒரு பெண் கையால் காகிதம் செய்கிறாள் என்று கேள்விப்பட்டபோதும் நான் நம்பவில்லை. மில் தாளை வாங்கி ஓரத்தைக் கிழித்துவிட்டு 'ஹேண்ட்மேட்' என்று விற்கிறவர்களை எனக்குத் தெரியும். ஸ்கேலை வைத்து, தண்ணீர் தொட்டு இழுத்தால் யார் வேண்டுமானாலும் பிசிர் ஓரம் செய்யலாம். எனவே முதல் நாளே அவள் கண் முன்னால் ஒரு தாளில் துண்டு கிழித்து, தண்ணீரில் நனைத்துக் காத்திருந்தேன். மிஷினில் ஓடிய தாளில் நார்கள் எல்லாம் ஒரே பக்கம் படுத்திருக்கும், நனைத்தால் ஒரே பக்கமாகச் சுருளும். கையால் அள்ளிய தாளுக்குத் திசை கிடையாது.

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். நாற்பது வயது இருக்கும். முழங்கை வரைக்கும் கூழ்.

"இன்னாக்கா, கொழந்திக்கு ஜொரம் பாக்குற மாதிரி பாக்குற?"

"பார்த்து வாங்கறதுல தப்பில்லையே" என்றேன்.

"பாரு, நல்லா நனைச்சிப் பாரு. எனக்கு இன்னா பயம்?"

துண்டு சுருளவில்லை. ஓரமும் ஆப்பத்தின் ஓரம் போல மெலிந்து மெலிந்து ஒன்றுமில்லாமல் போயிருந்தது. அதைக் கிழித்துச் செய்ய முடியாது.

அதன் பிறகு நாலு வருஷம், மாதம் ஒருமுறை போனேன். தையற்கடை வெட்டுத் துண்டு, தறிகளில் மிஞ்சும் பருத்தி நூல், இவ்வளவுதான் அவளுடைய முதல். ஊறவைத்து, அடித்து, கஞ்சி மாதிரி ஆனதும் தொட்டியில் கரைப்பாள். கம்பி வலை கட்டிய சட்டத்தை அதில் முக்கித் தூக்கி, இடமும் வலமுமாக ஒரு ஆட்டு ஆட்டுவாள். அந்த ஆட்டில்தான் காகிதம் பிறக்கிறது. நானும் கேட்டு வாங்கி ஆட்டிப் பார்த்திருக்கிறேன். எனக்கு வந்தது நடுவில் ஓட்டை விழுந்த அப்பளம். ஈரத் தாள்களை அழுத்தி, காயவைத்து, கஞ்சி பூசி, கடைசியில் சோழியால் தேய்ப்பாள். தேய்த்த தாளைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். யாரும் பார்க்காதபோதுதான்.

அந்தத் தாளில் மைப்பேனா ஓடாது, நடக்கும். மை ஒரு கணம் மேலே நின்று யோசித்துவிட்டு உள்ளே இறங்கும். எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு நான் எழுதிய புகார்கள் எல்லாம் அதில்தான். இவ்வளவு நல்ல காகிதத்தில் திட்டு வாங்கியவர்கள் தாம்பரம் வட்டாரத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். அவள் கொடுக்கும் காகிதக் கட்டை மட்டும் நான் பிரித்துப் பார்ப்பதில்லை. அப்படியே பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். என் ஆயுளில் அப்படி வாங்கியது அவளிடம் மட்டும்தான். அவளைத்தான் நான் தொலைத்தேன்.

மகள் கல்யாணத்துக்கு அழைப்பிதழ் அவள் காகிதத்தில்தான் என்று முடிவு செய்தேன். நாவலூரில் வேலை பார்க்கும் மகள், "வாட்ஸப்ல அனுப்பினா போதும்மா, யாரு எடுத்து வைக்கப் போறா?" என்றாள். எடுத்து வைக்கத்தான் போகிறார்கள் என்றேன். அனகாபுத்தூருக்குப் போய் நூற்றைம்பது அட்டை சொன்னேன். அவளுக்கு அதுவரை வந்ததில் அதுதான் பெரிய வேலை.

"ஒரே ஒரு கண்டிஷன். என் பேத்தி காலத்துல எடுத்துப் பார்த்தாலும் மஞ்சளாகியிருக்கக் கூடாது. ஆபீஸ்ல பழைய பத்திரம் எல்லாம் பழுப்பேறி, தொட்டா நொறுங்கறதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வெறுத்துப்போச்சு."

"அதுக்கு ஒரு வழி கீதுக்கா. கேட்டு வச்சிருக்கேன். உனக்குன்னே தனித் தொட்டி போடறேன்" என்றாள்.

அட்டைகள் வந்தன. பல்லாவரத்தில் கொடுத்து அச்சடித்தோம். மகள்கூட ஒன்றைக் கையில் எடுத்து ஓரத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். முதல் அழைப்பிதழைச் சாமிக்கு வைக்க, மஞ்சளைக் குழைத்து நாலு மூலையிலும் தொட்டேன். குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் மஞ்சள் மஞ்சளாக இல்லை. நாலு மூலையும் காயத்துக் கட்டுப் போல சிவந்திருந்தது.

பக்கத்தில் நின்ற என் நாத்தனார் வாயில் கை வைத்தாள். "என்ன இது, கல்யாணப் பத்திரிகையில ரத்தம் மாதிரி? அபசகுனமா இருக்கே!"

இன்னொன்றை எடுத்துத் தொட்டேன். அதுவும் சிவந்தது. பத்து எடுத்தேன், பத்தும் சிவந்தன. எனக்குச் சகுனத்தில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. கலப்படத்தில் உண்டு. நாலு வருஷம் பிரித்துப் பார்க்காமல் வாங்கினேனே, அதைத் தெரிந்துகொண்டுதான் பெரிய வேலையில் கையை வைத்திருக்கிறாள் என்று தோன்றியது. தோன்றியதும் ஒரு நிம்மதிகூட வந்தது. நான் நினைத்தது சரி, யாரையும் நம்பக் கூடாது என்கிற நிம்மதி. அதை இப்போது நினைத்தால் என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அழைப்பிதழ்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் நேராக அனகாபுத்தூர் போனேன். அவள் கொட்டகையில் அன்று பார்த்து ஆட்கள் இருந்தார்கள். வெட்டுத் துண்டு கொண்டுவரும் தையற்காரம்மா, பக்கத்துத் தறிக்காரப் பெண்கள் இரண்டு பேர், பிறந்தநாள் விழாவில் கொடுக்க நோட்டுப் புத்தகம் எடுக்க வந்திருந்த அடுக்குமாடிக் குடியிருப்பு அம்மாள் ஒருத்தி. அவர்கள் நடுவில் பெட்டியைத் தொப்பென்று வைத்து, சிவந்த அட்டையை நீட்டினேன்.

"இதுல என்ன கலந்தே?"

அவள் அட்டையை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. "அய்யோ, இது எனுக்குத் தோணவேல்லியேக்கா. அது வந்து சுண்ணாம்பு..."

"சுண்ணாம்பா!" முழுதாகச் சொல்ல விடவில்லை நான். "வெள்ளையாத் தெரியறதுக்குச் சுண்ணாம்பு அடிச்சு என் தலையில கட்டினியா? பருத்திதானா இது, இல்ல அதுலயும் பொய்யா? நாலு வருஷமா இப்படித்தானா?"

"அக்கா, நீ சொன்னதுக்குத்தான்..."

"நான் ஏமாத்தச் சொன்னேனா?"

குடியிருப்பு அம்மாள் கையிலிருந்த நோட்டுப் புத்தகங்களை மேஜைமேல் ஒவ்வொன்றாக வைத்தாள். "அப்புறம் வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் வரமாட்டாள் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. காகிதக்காரி கையிலிருந்த கூழை முந்தானையில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். தாம்பரத்தில் ஒரு கடையில் பளபளவென்று பிள்ளையார் படம் போட்ட அழைப்பிதழ் இரண்டே நாளில் கிடைத்தது. அதில் மஞ்சள் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போயிற்று.

சேலையூர் மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்பு. வாசலில் கார் வந்துவிட்டது என்று சத்தம். நானும் நாத்தனாரும் அவசரமாக ஆரத்தி கரைத்துக்கொண்டிருந்தோம். தட்டில் தண்ணீர் ஊற்றி மஞ்சளைப் போட்டேன்.

"சுண்ணாம்பு எங்கே? சீக்கிரம் போடு, சிவக்கவே இல்ல பாரு" என்றாள் நாத்தனார்.

சுண்ணாம்பைக் கிள்ளிப் போட்டு விரலால் கலக்கினேன். மஞ்சள் தண்ணீர் சிவந்தது. என் விரல் தட்டிலேயே நின்றுவிட்டது. எத்தனை ஆரத்தி கரைத்திருப்பேன் என் ஆயுளில்! சுண்ணாம்பு என்று அவள் வாயைத் திறந்து சொன்னாள், நான் அதைத் திருட்டை ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன். காகிதம் பழுப்பேறாமல் இருக்கச் சுண்ணாம்புத் தெளிவு சேர்ப்பார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. ஆனால் மஞ்சளாகக் கூடாது என்று கேட்டவள் நான்தானே. எனக்காகத்தான் அவள் தனித் தொட்டி போட்டிருக்கிறாள்.

"என்ன மன்னி, உடம்பு சரியில்லையா?" என்றாள் நாத்தனார். தட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றேன். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டு இறங்கினார். எனக்கு அழுகை வந்தது. எல்லோரும் அதைப் பெண்ணைப் பெற்றவள் அழுகை என்று நினைத்துக்கொண்டார்கள்.

கல்யாணம் முடிந்த நாலாம் நாள் அதிரசமும் முறுக்கும் எடுத்துக்கொண்டு அனகாபுத்தூர் போனேன். தொட்டியருகே குனிந்திருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க மேடம்" என்றாள். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நாலு வருஷத்தில் நான் அங்கே நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை.

தப்பு என்மேல்தான் என்று சொன்னேன். ஆரத்தி விஷயத்தையும் சொன்னேன். எல்லோர் முன்னாலும் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தைகள். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"பரவால்ல மேடம். கல்யாணம் நல்லபடியா நடந்துச்சுங்களா?"

"அந்த அட்டை எல்லாம்?"

"கரைச்சிட்டேன். அச்சு மைல கூழு கருத்துப்போச்சு. ஃபைல் அட்டையாப் பண்ணிட்டேன்."

எனக்குக் கடிதத் தாள் வேண்டும், அந்த அட்டைக்குச் சேர்த்த மாதிரியே சுண்ணாம்பு சேர்த்துக் கொடு என்றேன்.

"இப்பல்லாம் சேக்கறதில்லீங்க மேடம்" என்றாள். "தோ, இருபது தாள் ரெடியா கீது. பாத்துட்டு எடுத்துக்கோங்க."

தாள்களைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். பழுப்பும் வெள்ளையும் கலந்த நிறம், சோழி தேய்த்த மினுமினுப்பு, நாலு ஓரமும் மெலிந்து கரைந்த அழகு. கூடவே ஒரு கிண்ணத்தில் குழைத்த மஞ்சளும் வந்தது. முதல் தாளை எடுத்து, மூலையில் விரலால் ஒரு பொட்டு வைத்து, என் பக்கம் திருப்பிக் காட்டிக் காத்திருந்தாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்த தாளை எடுத்தாள். அதிலும் பொட்டு. ஒவ்வொரு நல்ல தாளாகக் கறைபட்டுக்கொண்டே வந்தது. அவள் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

"போதும்மா. நான் நம்பறேன், போதும்" என்றேன்.

"இருங்க மேடம், இன்னும் ஒம்போது கீது" என்று அடுத்த தாளை எடுத்தாள்.