திரைக்கு அந்தப் பக்கம்: திருச்சுழிக்கு ஒரு டாக்கீஸ் பயணம்

ஆசைப்பட்டுப் போன பயணம் இல்லை இது. ஒரு சினிமாவில் மூன்று வரிக் கடிதம் ஒன்று வருகிறது. அதை இன்னொரு தடவை படித்துவிட்டு வருவதற்காக மட்டும் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போனேன். உலக யுத்தம் முடிந்த மறு வருஷம், மாசி மாதம், ஒரு புதன்கிழமை. போக ஒன்பது மைல், வர ஒன்பது மைல். முழங்கால் வலி இன்னும் விட்டபாடில்லை. நம் கையெழுத்துப் பத்திரிகையைப் படிக்கிறவர்களில் யாராவது டாக்கீஸ் பார்க்க இப்படிக் கிளம்பக்கூடும் என்பதால் நேரம், கட்டணம் எல்லாவற்றையும் உள்ளபடி எழுதுகிறேன்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். பேரன் பேத்தி நாலு பேர் ஆகியும் படிப்பு மறக்கவில்லை. வீட்டில் தெலுங்கு பேசினாலும் எனக்கு எழுத்து தமிழ்தான். எங்கள் தறிக்காரத் தெருவில் என் வயதுப் பெண்களில் எழுத்துக் கூட்டாமல் படிக்கிறவள் நான் ஒருத்தி என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. மதுரை பஸ்ஸில் வாராவாரம் வரும் பத்திரிகையில் படக்கதைப் பக்கத்தைத்தான் முதலில் பிரிப்பேன். கட்டம் கட்டமாகப் படம், கீழே இரண்டு வரி. அதை வெட்டி நூலால் தைத்து வைப்பேன். ஐந்து வருஷத்துக் கதை பெட்டியில் இருக்கிறது. சினிமா பார்த்துவிட்டு வந்தால் அதையும் அதேபோலக் கட்டம் போட்டு நானே வரைவேன். யுத்தத்தில் காகிதத்துக்கு எங்கே போக? நூல் கட்டைச் சுற்றி வரும் தடித்த தாளின் பின்பக்கம்தான். அந்தப் புத்தகம் வீடு வீடாகப் போகும். படம் பார்க்காதவர்கள் என் படத்தில்தான் பார்ப்பார்கள்.

தை மாதம் பாளையம்பட்டியில் டூரிங் டாக்கீஸ் கொட்டகை போட்டார்கள். தெருப் பெண்கள் பதினாறு பேர் இரண்டரை மைல் நடந்தே போனோம். போய்ச் சேர்ந்தபோது பெயர் போடுவதெல்லாம் முடிந்து கதை ஆரம்பித்திருந்தது. பெண்கள் பக்கம் நிரம்பிவிட்டதால் திரைக்குப் பின்னால் இடம் தந்தார்கள். துணியில் தண்ணீர் தெளித்திருந்ததால் படம் அந்தப் பக்கமும் பளிச்சென்றுதான் விழுந்தது. கதாநாயகி சேலையை வலது தோளில் போட்டிருந்தாள். வடக்கத்திக் கட்டு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பாதிக் கதையில் அவளுக்குப் புருஷனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. திரை முழுக்க எழுத்து. பதினைந்து தலைகளும் என் பக்கம் திரும்பின.

"என்ன போட்டிருக்கு மதினி? சீக்கிரம் சொல்லுங்க, போயிரப் போகுது" என்றாள் பக்கத்து வீட்டுச் சுப்பம்மா.

ஓர் எழுத்துகூட எனக்குப் பிடிபடவில்லை. கண்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். ஆனால் தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "உடம்புக்குச் சுகமில்லை. பங்குனியில் கட்டாயம் வந்துவிடுவேன். எனக்காகக் காத்திரு" என்று உரக்கப் படித்தேன். படித்தேன் என்ன, நானாகச் சொன்னேன். சுப்பம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவள் மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்க்கிறான். ஊருக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. அவன் போடும் கார்டுகளை அவளுக்குப் படித்துச் சொல்கிறவளும், பதில் எழுதுகிறவளும் நான்தான்.

வீட்டுக்கு வந்து படக்கதை வரைந்தேன். கடிதத்துக்குத் தனிக் கட்டம், நான் சொன்ன வரிகளோடு. அடுத்த கட்டத்தில் கதாநாயகி மூட்டையோடு கிளம்புகிறாள். புருஷனுக்கு வைத்தியம் பார்க்கப் போகிறாள் என்று எழுதினேன். புத்தகம் தெருவைச் சுற்றியது. எதிர்வீட்டுக்கு விருதுநகரிலிருந்து மருமகளாக வந்திருக்கும் நாகம்மாள் கைக்குப் போனபோதுதான் வினை வந்தது. அவள் எட்டாவது படித்தவள். அதே படத்தை அவள் ஊரில் பார்த்திருக்கிறாள்.

"பெரியத்தை, உங்க படத்துல எல்லாரும் நொட்டாங்கையால எழுதுறாங்களே" என்று சிரித்தாள். பிறகு, "கடுதாசியில இப்படி இல்லையே. அவன் வரமாட்டேன்னுல்ல எழுதியிருப்பான்" என்றாள். சுப்பம்மாவோடு சேர்த்து எட்டுப் பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "நீ சரியாப் பாத்திருக்க மாட்டே" என்று அதட்டினேன். அவள் புத்தகத்தை மூடி என்னிடம் கொடுத்தாள்.

நாலாம் நாள் கொழும்பிலிருந்து சுப்பம்மாவுக்குக் கார்டு வந்தது. அதை எடுத்துக்கொண்டு என் வாசலைத் தாண்டி எதிர்வீட்டுக்குப் போனாள். நான் பாவு நூலைப் பிரித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்று சோறு இறங்கவில்லை. டாக்கீஸ் கொட்டகை பாளையம்பட்டியிலிருந்து கிளம்பித் திருச்சுழியில் போட்டிருப்பதாக நூல் கொண்டுவருகிறவர் சொன்னார். மறுநாளே கிளம்பினேன். அந்தக் கடிதத்தை என் கண்ணால் படித்தால்தான் சுப்பம்மா கார்டு திரும்ப என்னிடம் வரும்.

திருச்சுழி பஸ் பிற்பகல் இரண்டு மணி என்றார்கள். புறப்பட்டது மூன்றேகால். பெட்ரோல் இல்லாததால் கரி பஸ்தான்; பின்னால் அண்டா மாதிரி ஒன்றில் கரியை மூட்டி, அரைமணி நேரம் விசிறியைச் சுற்றிய பிறகுதான் வண்டி இருமத் தொடங்கும். கட்டணம் நாலரை அணா. பின் இருக்கையில் உட்காராதீர்கள், புகையும் சாம்பலும் அங்கேதான் வரும். நான் உட்கார்ந்தேன், வெள்ளைச் சேலை சாம்பல் நிறமாகிவிட்டது. ஐந்தாவது மைலில் ஒரு மேடு. வண்டி நின்றுவிட்டது.

"எல்லாரும் எறங்குங்க. ஆம்பளையாளுக தள்ளணும்" என்றார் டிரைவர்.

"டிக்கெட்டும் எடுக்கணும், வண்டியும் தள்ளணுமா? அப்ப நீரு எதுக்குய்யா?" என்று கேட்டேன்.

"நான் ஹாரன் அடிக்க ஆத்தா. நீங்க தள்ள வேண்டாம், எறங்கி நடந்தாப் போதும். வண்டிக்கு அதுவே பெரிய உதவி."

சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கத் தெம்பில்லை. கரிசல் காடு இரண்டு பக்கமும் பருத்தி எடுத்து முடிந்து வெறிச்சென்று கிடந்தது. உடைமரத்து நிழல் ஒருவர் உட்காரக்கூடப் போதாது. ஒரு மைலுக்கு மேல் நடந்தேன். திருச்சுழி கோபுரம் கண்ணில் பட்டபோது மணி ஐந்து. ஒன்பது மைலுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். மாட்டுவண்டியில் வந்திருந்தாலும் இதற்கு ரொம்பப் பிந்தியிருக்காது.

கொட்டகை குண்டாற்றங்கரையில் இருந்தது. ஆற்றில் மணல்தான் ஓடுகிறது. முதல் ஆட்டம் ஆறரை மணிக்கு. டிக்கெட் கொடுக்கும் இடத்தில் ஓர் அம்மாள் வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். பாளையம்பட்டியில் உட்கார்ந்த இடமே வசதியாக இருந்ததால், "திரைக்கு அந்தப் பக்கம் ஒண்ணு குடும்மா" என்று கேட்டேன்.

"அங்கிட்டு ஓரணா, இங்கிட்டு ரெண்டணா. ஆத்தாளுக்கு எழுத்து தெரியாதுல்ல?"

"ஏன், அஞ்சாவது படிச்சிருக்கேன்" என்றேன். கோபம்தான்.

"அப்ப ரெண்டணாவுல உக்காருங்க. அங்கிட்டு எழுத்தெல்லாம் கண்ணாடியில பாத்த மாதிரி திரும்பித் தெரியும். அது படிக்கத் தெரியாதவுகளுக்குக் குடுக்குற இடம்."

அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மாள் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தாள். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. கண் கெடவில்லை, படிப்பும் போகவில்லை. வலது தோள் சேலை, இடது கை எழுத்து எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிட்டது. நிம்மதிக்குப் பின்னாலேயே அடுத்தது வந்தது. தெரியவில்லை என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். யாரும் என்னைக் குறைவாக நினைத்திருக்க மாட்டார்கள்.

இரண்டணா கொடுத்து முன்னால் உட்கார்ந்தேன். கதாநாயகி சேலையை நம்மைப் போலத்தான் கட்டியிருந்தாள். கடிதம் வந்தது. "என்னை எதிர்பார்க்க வேண்டாம். இங்கே எனக்கு வேறு குடும்பம் ஆகிவிட்டது. இனி எழுத மாட்டேன்." நிதானமாக இரண்டு தடவை படிக்க நேரம் இருந்தது. அவள் மூட்டை கட்டிக் கிளம்பியது வைத்தியம் பார்க்க இல்லை. அந்த வீட்டை விட்டே போனாள். பதினைந்து பெண்களுக்கும் நான் வேறு ஒரு படத்தைக் காட்டியிருக்கிறேன். மீதிப் படத்தில் மனம் ஒட்டவில்லை. ஆட்டம் விட்டதும் அந்த ஊரிலேயே இருக்கும் என் சித்தி மகள் வீட்டில் போய்ப் படுத்துவிட்டேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். திரும்பும் பஸ் காலை ஏழரைக்கு. இறக்கம் என்பதால் ஒன்றேகால் மணி நேரத்தில் வந்துவிடுகிறது. குடிக்கத் தண்ணீர் கையில் இருக்கட்டும், வழியில் கிணறுகள் வற்றிவிட்டன. கொட்டகையில் மணல் தரை, உட்காரச் சாக்கு கொண்டுபோங்கள். இடைவேளையில் காபி ஓரணா. குடிக்காமல் இருந்தால் நஷ்டமில்லை. படத்தைப் படக்கதையாக வரைய நினைக்கிறவர்கள் பெயர் போடும்போதே போய்விட வேண்டும், முன்னால் உட்கார வேண்டும். புரியாத இடத்தில் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். வெறும் கட்டம் ஒரு குறை இல்லை.

இனி வீட்டுக்கு வந்த கதை. வியாழக்கிழமை வந்ததும் முகம்கூடக் கழுவாமல் சுப்பம்மா வீட்டுக்குப் போனேன். ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"சுப்பம்மா, அன்னைக்குக் கடுதாசியை நான் படிக்கல. எழுத்து திரும்பியிருந்துச்சு, எனக்குத் தெரியல. நானாத்தான் சொன்னேன். நாகம்மா சொன்னது சரி."

ராட்டை நின்றது. "சினிமா கெடக்கட்டும் மதினி. என் மவன் கார்டு?"

வழியெல்லாம் இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டு வந்தேன்.

"ஒண்ணுல மட்டும்" என்றேன். "போன ஆடியில வந்ததுல. வேலை அதிகம், அதான் எழுத முடியலன்னு சொன்னேன்ல. இருபது நாள் காய்ச்சல்ல கெடந்தேன்னு எழுதியிருந்தான். நீ அப்பவே சரியாச் சாப்பிடாம இருந்தே. மனசு வரல."

"பதில்ல அதைப் பத்தி நாம ஒண்ணுமே கேக்கலையே."

"கேக்கல."

"அதான் நாலு மாசம் கார்டே போடல அவன்" என்றாள் சுப்பம்மா. சத்தம் போடவில்லை. எழுந்துபோய்க் கார்டுகளை எடுத்து வந்தாள். வாசலில் நின்று எதிர்வீட்டைக் கூப்பிட்டாள். நாகம்மாள் வந்ததும், "அவுக படிக்கட்டும். நீ பக்கத்துல உக்காந்து எழுத்தைப் பாத்துக்க. போட்டிருக்கிறது மட்டும் வருதான்னு பாரு" என்றாள்.

இதுவரை நான் படித்துச் சொன்ன பதினான்கு கார்டு. எட்டாவது படித்த பெண் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, ஐந்தாவது படித்த நான் ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தேன். காய்ச்சல் கார்டு வந்தபோது சுப்பம்மா இரண்டாவது தடவையும் படிக்கச் சொன்னாள். படித்ததெல்லாம் எழுத்தில் உள்ளபடிதான் என்றாள் நாகம்மாள்; மற்ற பதின்மூன்றும் முன்பு கேட்டது போலவே இருந்தன என்றாள் சுப்பம்மா.

முடிந்ததும் சுப்பம்மா ஒரு புதுக் கார்டை என் முன்னால் வைத்தாள். நாகம்மாளிடம் வைக்கவில்லை.

"எழுதுங்க. நீ காய்ச்சல்ல கெடந்தது ஆத்தாளுக்கு இன்னைக்குத்தான் தெரியும். தெரிஞ்சிருந்தா விசாரிக்காம இருந்திருப்பேனா. எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"மறைச்சது யாருன்னும் போடுங்க."

நான் எழுதுவதைப் பார்க்க வேண்டாம் என்று நாகம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கார்டின் அடியில் ஒரு விரல்கடை இடம்தான் மிச்சம் இருந்தது. எழுத்தைச் சின்னதாக்கி, என் பெயரை முழுசாக எழுதினேன்.