ஓடு பிரித்து இறங்கிய மதினி

கம்பம் பக்கத்துக் கூடலூரில் நான் வாழ்க்கைப்பட்டுப் போன தெருவில் பகலில் கதவைச் சாத்தினால் ஒரே அர்த்தம்தான். அந்த வீட்டுக்காரி யார் மேலோ கோபமாக இருக்கிறாள். வேறு காரணம் யாருக்கும் தோன்றாது. விடிகிற நேரத்தில் ஜீப் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஏலக்காய்த் தோட்டத்துக்கு மலையேறிவிடும். போகிறவர்கள் கதவை ஒருக்களித்துவிட்டுப் போவார்கள். வீட்டில் இருக்கிற நாலு பேர் அந்த வீடுகளுக்குள் போய்த் தீப்பெட்டி எடுப்பார்கள், புளி எடுப்பார்கள், மழை வந்தால் கொடியில் கிடக்கும் துணியை உள்ளே போடுவார்கள்.

நான் தேனியில் கேட் போட்ட வீட்டில் வளர்ந்தவள். எனக்கு இது ஒத்துவரவே இல்லை. போதாக்குறைக்கு எனக்குப் பயங்கரக் கதைப் பைத்தியம். பேய்க்கதை எல்லாம் எனக்குச் சப்பென்று இருக்கும். வீடு புகுகிற கதைதான் வேண்டும். முன்பின் தெரியாத ஒருவன் உள்ளே வருவான், கட்டிப்போடுவான், கொஞ்சமும் அவசரப்படாமல் தன் வேலையை ஆரம்பிப்பான். படிக்கும்போதே இரண்டு தரம் எழுந்து போய்க் கதவைப் பார்த்துவிட்டு வருவேன். ஆனாலும் கீழே வைக்க முடியாது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வாடகைக்குப் புத்தகம் கொடுக்கிற கடையிலிருந்து என் வீட்டுக்காரர் கட்டாக வாங்கி வருவார். அவர் ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றும் ஜீப் ஓட்டுகிறவர். விடியுமுன் போனால் சாயங்காலம்தான் வருவார். செல்போன் என்றால் என்னவென்றே தெரியாத தொண்ணூற்றேழு அது.

அப்போது எனக்கு எட்டாவது மாதம். அதற்கு முந்தின வருஷம் ஒன்று வயிற்றில் தங்காமல் போயிருந்தது. இதுவாவது உயிரோடு கைக்கு வரவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதலே இல்லை. அப்படியிருந்தும் அந்தக் கதைகளைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டு மதினிக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். சொந்தமில்லை, என் வீட்டுக்காரர் அப்படிக் கூப்பிடுவார், நானும் கூப்பிட்டேன். அவரும் மலைக்குப் போகிறவர்தான். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, பூனை மாதிரி சத்தமில்லாமல் என் அடுப்படிக்குள் வந்து நின்றார். புத்தகத்தில் அப்போதுதான் கொலைகாரன் கதவைத் திறந்திருந்தான். நான் போட்ட கூச்சலில் மதினி கையிலிருந்த உப்புக் கிண்ணம் கீழே விழுந்தது.

“தட்டிட்டு வரமாட்டீகளா?” என்று கத்தினேன். “ஆளு இருக்கிற வீட்டுக்குள்ள இப்படித்தான் புகுந்து வர்றதா?”

“ஏன்டி, ஒரு கை உப்புக்கு ஒன்கிட்ட டிக்கெட் எடுத்துட்டு வரணுமோ?” என்றவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே வீட்டுக்காரரை நச்சரித்து, முன்கதவுக்கு இரண்டு தாழ்ப்பாளும் பின்கதவுக்குக் குறுக்குக் கட்டையும் போட வைத்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். மறுநாளிலிருந்து பகல் முழுக்க நான் உள்ளே பூட்டிக்கொண்டு இருந்தேன். பயத்தில்தான் சாத்தினேன். தெரு அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டது. மதினியும் நானும் இருபது நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மற்றவர்களும் என் வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள்.

தெருக்குழாயில் நாலு நாளைக்கு ஒருமுறை, பதினொரு மணி வாக்கில் தண்ணீர் வரும். மலைக்குப் போனவர்களின் குடங்களையும் வீட்டில் இருப்பவர்கள்தான் பிடித்து வைக்க வேண்டும். என்ன சண்டையானாலும் அதில் குறை வைக்கக் கூடாது. வயிற்றைத் தூக்கிக்கொண்டு நானும் போவேன். எனக்குக் கனம் வேண்டாம் என்று குடத்தை நகர்த்துகிற வேலை மட்டும் கொடுத்திருந்தார்கள்.

அன்று தண்ணீர் வருகிற நாள். காலையிலேயே என் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு வந்து, தாழ்ப்பாள்களைப் போட்டுக்கொண்டேன். அடுப்படியில் எண்ணெய் சிந்தியிருந்ததை நான் பார்க்கவில்லை. வழுக்கி, இடுப்பு தரையில் மோத விழுந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. சற்று நேரத்தில் சேலை நனைந்தது. தொட்டுப் பார்த்தேன், ரத்தம். கூப்பிட்டேன், அடுப்படியைத் தாண்டிக் கேட்டிருக்காது. தெருவில் பாதிப் பேர் மலையில், மீதிப் பேர் குழாயடியில். வயிற்றில் கை வைத்துக்கொண்டு, “அசைடா கண்ணு, ஒரு தரம் அசைடா” என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

யாரோ கதவைத் தட்டினார்கள். பிறகு உதைத்தார்கள். நான் போட்ட தாழ்ப்பாள்கள் நன்றாகவே உழைத்தன. அப்புறம் சத்தமில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்த நேரத்தில் தலைக்கு மேலே யாரோ நடப்பது கேட்டது. ஒரு ஓடு நகர்ந்தது. இன்னொன்று. வெயில் சதுரமாக என் மேல் விழுந்தது. அந்தச் சதுரத்துக்குள் ஒரு கால் இறங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது நான் படித்த அத்தனை கொலைகாரர்களும்தான். கைக்கு எட்டிய செம்பை எடுத்து, இருக்கிற பலத்தை எல்லாம் கூட்டி எறிந்தேன்.

“ஏ கட்டையில போறவளே! காப்பாத்த வந்தா மண்டைய ஒடைக்கியா!”

மதினி. புருவத்திலிருந்து ரத்தம் ஒழுக, அடுப்பு மேடையில் குதித்து, கால் பிசகி, என் பக்கத்தில் விழுந்தார். காய்ச்சல் என்று அன்று மலைக்குப் போகாமல் இருந்திருக்கிறார். என் சேலையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. நொண்டிக்கொண்டே போய்த் தாழ்ப்பாள்களைத் திறந்தார்.

ஊரிலிருந்த ஜீப் எல்லாம் மலையில். திராட்சை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு டெம்போவை மதினி நடுரோட்டில் நின்று மறித்தார். டிரைவர் மலையாளி. ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெட்டிகளைத் தூக்கி ரோட்டோரம் அடுக்கிவிட்டு, “வேகம் கேறு சேச்சி” என்று சீக்கிரம் ஏறச் சொன்னான். கம்பம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் என் தலை மதினி மடியில் கிடந்தது. அவர் நெற்றி ரத்தம் என் கன்னத்தில் சொட்டியது.

“எப்படி மதினி தெரிஞ்சுச்சு?” என்று முனகினேன்.

“குழாயில தண்ணி வந்து அரைமணி நேரமாச்சு, ஒன் கொடம் அங்கனயே நிக்கி. கோவம் எம்மேல. கொடத்து மேலயா? தண்ணி வர்ற நாள்ல எவளும் கோவிச்சுக்கிட்டு உள்ள படுக்க மாட்டாடி.”

மகள் பிறந்தாள். இரண்டு கிலோகூட இல்லை. கொஞ்ச நேரம் அழாமல் பயமுறுத்தினாள், அப்புறம் அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு பிரசவ அறை வாசலில் உட்கார்ந்து ஓவென்று அழுதது என் வீட்டுக்காரர் இல்லை, அவர் இன்னும் மலையிலிருந்து இறங்கியிருக்கவில்லை. கால் வீங்கி, புருவத்தில் தையல் போட்ட மதினிதான். அவருக்கு நான் எந்த ஜன்மத்தில் என்ன செய்து தீர்ப்பேன்?

தாழ்ப்பாள்களைக் கழற்றிப் போட்டாயிற்று. கதைப் பைத்தியம் மட்டும் தெளியவில்லை. மகள் பள்ளிக்கூடம் போன பிறகு நானே எழுத ஆரம்பித்தேன், பத்திரிகைகளில் வந்தன. எல்லாம் வீடு புகுகிற கதைகள்தான், சிலது எனக்கே படிக்கப் பயம். எழுத்துக்கூட்டவும் தெரியாத மதினிதான் முதல் வாசகர். நான் வாசிக்க, வெற்றிலையை மென்றுகொண்டே கேட்பார். கொலை நடக்கிற இடத்தில் தவறாமல் கேட்பார்: “அந்தத் தெருவுல எல்லாரும் செத்தா போயிட்டாக?” அந்தக் கேள்விக்காகவே பாதிக் கதையைத் திருத்தியிருக்கிறேன்.

மகளுக்குப் பன்னிரண்டு வயதானபோது ஒரு பத்திரிகையிலிருந்து கடிதம் வந்தது. கொலைகாரன் வாசல் வழியாக வருவது சாதாரணமாக இருக்கிறதாம், ஓட்டைப் பிரித்து இறங்கினால் இன்னும் பயமாக இருக்குமாம். மூன்று நாள் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் கை ஓடவில்லை. எவ்வளவு முயன்றாலும் அந்தச் சதுர வெயிலில் அவன் காலை இறக்க முடியவில்லை.

மதினியிடம் சொன்னேன். புருவத்துத் தழும்பைச் சொறிந்துகொண்டு யோசித்தார்.

“அவன் ஓட்டு மேல வந்தா வரட்டும்டி,” என்றார். “பக்கத்து வீட்டுல நான் இருக்கேன்ல?”