எங்கள் மண்டபத்தில் நான் கைதி

என்னோடு கைதான தோழர்களை, கத்திரி வெயிலில் ஒரு மதியம் முழுவதும் புழுக்கத்தில் வேகவைத்தவன் நான்தான். போலீஸ் அல்ல... நான்!

நம்பமாட்டீர்கள். என்னைப் பார்த்தால் எளிய மனிதனாகத்தான் தெரிவேன். அப்படித் தெரிவதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்! பூதலூர் ரயில்வே ஸ்டேஷனில் காரை நிறுத்திவிட்டு டவுன் பஸ்ஸில் எங்கள் இயக்கத்தின் கூட்டங்களுக்குப் போவேன். குத்தகை விவசாயியின் மகன் என்று சொல்லிவைத்திருந்தேன். இயக்கத்துக்கு வேனும் சாப்பாடும் கொடுத்தது நான். ஆனால், சென்னையில் ஒரு நண்பர் தருவதாகச் சொல்வேன். அந்த நண்பரின் பெருந்தன்மையை மேடையேறிப் புகழ்ந்தும் இருக்கிறேன்... என்ன ஜென்மம் நான்!

அன்று, வாய்க்கால் கரையில் குடியிருக்கும் கூலிக் குடும்பங்களுக்கு மனைப்பட்டா கேட்டுச் சாலை மறியல் செய்தோம். பெண்கள் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். வழக்கம்போல் கைது செய்து ஒரு கல்யாண மண்டபத்தில் இறக்கினார்கள். நிமிர்ந்து பார்த்தேன்... எங்கள் மண்டபம்!

வாசலில் அம்மாவின் பெயர். உள்ளே மாலையோடு அப்பாவின் படம். அப்பாவுக்கும் எனக்கும் ஒரே மூக்கு. துண்டால் மூக்கை மூடிக்கொண்டு ஒரு மூலையில் ஒடுங்கினேன்.

சற்று நேரத்தில் கரண்ட் போயிற்று. மண்டபத்து மேனேஜர் நேரே என்னிடம் வந்து குனிந்தார்.

"ஜெனரேட்டர் போடட்டுங்களா?"

எல்லோரும் திரும்பினார்கள்.

"என்னை ஏன் கேக்குறீங்க? ஓனரைப் போய்க் கேளுங்க!"

பாவம், குழம்பிவிட்டார். "அப்ப... ஓனரு வேணாங்கிறாருங்களா?"

"பணக்காரத் திமிர் ஒழிக!" என்று கத்தினேன். தோழர்களும் திருப்பி முழங்கினார்கள். மேனேஜர் ஓடியே போனார்.

ஒரு தலையசைப்பு போதுமே... ஏன் செய்யவில்லை? பிள்ளைகள் வியர்த்து அழுதபோதும் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது என் எளிமை!

வெயில் இறங்கும் நேரத்தில் ராசாத்தி அக்கா மயங்கி விழுந்தார். நடவு வேலைக்குப் போகிறவர்; பெண்களைத் திரட்டி வந்தவரும் அவர்தான். பதறிப்போய், மூக்கை மூடியிருந்த துண்டாலேயே விசிறினேன். கண் திறந்தார். சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இப்பவாவது போடச் சொல்லுங்க தம்பி. புள்ளைங்க தவிக்குதுங்க."

"அக்கா... உங்களுக்கு..."

"எல்லாருக்குந்தான் தெரியும். அந்தச் சென்னை நண்பரும் நீங்கதான். சொல்லப்போயி, நீங்க கோவிச்சுக்கிட்டு வேனை நிறுத்திட்டா? பட்டா வர்ற வரைக்கும் வாய மூடிக்கிட்டு இருப்போம்னு பேசிக்கிட்டோம்."

நான் ஒளிந்ததாக நினைத்தேன். அவர்கள் அல்லவா என்னை ஒளித்து வைத்திருந்தார்கள்!

எழுந்து போய் மேனேஜரிடம் சொன்னேன். ஜெனரேட்டர் ஓடியது. யார் போடச் சொன்னது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

பட்டா இன்னும் வரவில்லை. நானும் இன்றுவரை வாய் திறந்து எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. சமத்துவம் பற்றிப் பேச என்னைத்தான் கூப்பிடுகிறார்கள், நானும் பேசுகிறேன். பலமாகக் கை தட்டுகிறார்கள். முன்வரிசையில் ராசாத்தி அக்காவும் தட்டுகிறார்.

அவர் பக்கம் மட்டும் நான் திரும்புவதே இல்லை.