தரிப்பிடச் சுவரில் இருபத்துமூன்று பெயர்கள்

மண்வெட்டி சுண்ணாம்புக் கல்லில் உரசும் சத்தத்தைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பல் கூசும். எங்கள் தீவு ஊரான நாரந்தனையில் ஒரு சாண் மண்ணுக்குக் கீழே கல்தான் என்பதால், ஊர் கூடிப் புல்லுச் செருக்கும் நாளில் அந்தச் சத்தம் வீதியின் ஒரு தொங்கலிலிருந்து மறு தொங்கல் வரைக்கும் ஓயாமல் கேட்கும். வெட்டுப்பட்ட பூண்டுகளின் பச்சை மணமும், தகரப் பீப்பாவில் நீறுகிற சுண்ணாம்பின் சூட்டு மணமும் அதோடு கலந்து வரும். நான் சொல்லப்போவது நான்கு சனிக்கிழமைகளின் கதை. பொங்கலுக்கு அடுத்து வந்த சனி முதலாவது, மாசி பிறப்பதற்கு முந்திய சனி நான்காவது. நான் அப்போது ஏழாம் வகுப்பு. ஞாபகத்தை மட்டும் நம்பி இதை எழுதவில்லை. அந்த நான்கு நாட்களிலும் வேலைக்கு வந்தவர்களின் பெயர் பதிந்த வரவுக் கொப்பி இன்னமும் என் அலுமாரியில் இருக்கிறது. அதை எழுதியவளே நான்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஊர்காவற்றுறைக்குப் போகும் பஸ் எங்கள் சந்தியில் ஒரு சீமெந்துத் தரிப்பிடத்துக்கு முன்னால் நிற்கும். சனமும் முன்னால்தான் நிற்கும், உள்ளே ஒருவரும் போவதில்லை. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து போனவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தபோது முதலில் தங்கள் கிணறுகளை இறைத்தார்கள், பிறகு கோயிலைத் துப்பரவாக்கினார்கள், பிறகு பள்ளிக்கூடத்தை. தரிப்பிடம் ஒருவருடைய காணியிலும் இல்லாதபடியால் அது அப்படியே கிடந்தது. உள்ளே முழங்கால் உயரத்துக்கு நாயுருவி, மூலையில் ஆட்டுப் பிழுக்கை, சுவர் முழுக்க ஒன்றன்மேல் ஒன்றாய் ஒட்டிய நோட்டீசுகள், அவற்றின்மேல் வெற்றிலைத் துப்பல். பெண்கள் குடையை விரித்துக்கொண்டு வெயிலில் நின்று பஸ் ஏறினார்கள்.

அதைத் துப்பரவாக்க வேண்டும் என்று முதலில் சொன்னவள் நான். இந்த வசனத்தை எழுதும்போது சற்று வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதாமல் விட மனம் வரவில்லை. மார்கழி விடுமுறையில் சனசமூக நிலையத்தில் நடந்த கூட்டத்தில், "சிரமதானம்" செய்வதென்றால் எந்த ஒழுங்கையை முதலில் செருக்குவது என்று பெரியவர்கள் இழுபறிப்பட்டுக்கொண்டிருந்த நேரம், பேப்பர் வாசிக்கிற மேசையில் இருந்த நான் எழுந்து, "தரிப்பிடத்தைச் செய்தா எல்லாருக்கும்தானே" என்றேன். நிலையத்தின் தலைவர் தவராசா மாமா, வீதி வேலையாட்களை மேற்பார்க்கிற ஓவசியராக இருந்து இளைப்பாறியவர், மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, "பிள்ளை சொல்லுறது சரி. அங்க ஒருத்தற்ற வேலியும் இல்லை, சண்டையும் வராது" என்றார். கூட்டம் ஏற்றுக்கொண்டது. என் கையெழுத்தும், எதற்கும் திகதி போடுகிற என் பழக்கமும் அவருக்குத் தெரியும். வரவுக் கொப்பியை என்னிடமே தந்தார்.

அந்தக் கொப்பிக்கு ஒரு சட்டம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் கையெழுத்து வைக்கிற புத்தகத்தில் போலவே, பிள்ளையார் கோயிலில் காலைப் பூசை மணி அடித்ததும் கடைசிப் பெயருக்குக் கீழே சிவப்புப் பேனையால் ஒரு கோடு கீற வேண்டும். பிந்தி வருகிறவர்களின் பெயர் கோட்டுக்குக் கீழே. அப்படி என்ன பெரிய கோடு என்று வெளியூர்க்காரர் கேட்கக்கூடும். எங்கள் தீவுகளில் ஒரு மணிக்கூடோ, கதிரையோ, தண்ணீர்த் தாங்கியோ "உபயம்" எழுதாமல் பொது இடத்துக்கு வருவதில்லை. கோயிலில் எரிகிற குழல் விளக்கில் வெளிச்சத்தை மறைக்கிற அளவுக்குக் கொடுத்தவரின் பெயர் எழுதியிருக்கும். எங்கள் தரிப்பிடத்துக்குக் கொடுத்தவர் என்று ஒருவரும் இல்லை, எல்லாம் உடம்பு உழைப்பு. ஆகவே நான்கு சனியும் கோட்டுக்கு மேலே நிற்பவர்களின் பெயர்களைச் சுவரில் எழுதுவது என்று முதல் நாளே தீர்மானமாயிற்று.

அதற்குப் பிறகு ஆட்களுக்குக் குறைவிருக்கவில்லை. செல்லையா அண்ணை எல்லோருக்கும் முதல் வந்து பெயர் கொடுத்துவிட்டு, அரை மணித்தியாலத்தில் நாரி நோகுதென்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு மதிலில் ஏறி இருந்துவிடுவார். "என்ன அண்ணை, மண்வெட்டி பாரமோ?" என்று சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த பூமணி அக்கா கேட்டால், "இல்லைப் பிள்ளை, நான் மேற்பார்வை. எல்லாரும் குனிஞ்சா பிழை பிடிக்கிறது ஆர்?" என்பார்.

சுகந்தி அந்தத் தையில்தான் எங்கள் வகுப்புக்கு வந்தாள். வவுனியாவிலிருந்து தாயோடு திரும்பி வந்து எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் இருந்தாள். மெலிந்தவள், அதிகம் கதைக்காதவள், ஒரே வகுப்புப் பிள்ளைகளான எங்களையும் "நீர்" என்றே கூப்பிடுவாள். முதலாம் சனி அவளும் நானும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து நோட்டீசுகளைச் சுரண்டினோம். அன்றைக்கு அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. இரண்டாம் சனி சுவருக்கு வெள்ளை அடித்துக் காய்ந்த பிறகு, எல்லோரும் பிளேன்ரீயும் பனங்கட்டியுமாக வெளியே நின்ற நேரம், அவள் ஒரு கரித்துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நாங்கள் திரும்பிப் பார்த்தபோது சுவரில் ஒரு பூநாரை நின்றது. அந்த மாதங்களில் எங்கள் ஆழமில்லாத பரவைக் கடலில் வந்து மேய்கிற பறவைதான், பஸ் யன்னலால் நாங்கள் நாள்தோறும் பார்க்கிறதுதான். ஆனால் ஒற்றைக் காலில் நின்று, கழுத்தை வளைத்து, தண்ணீருக்குள் எதையோ தேடுகிற அந்தப் பறவையை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டவர்கள்போல ஊர்ச்சனம் கிட்டப் போய்ப் பார்த்தது. என் அப்பா கையில் இருந்த வாளியைக் கீழே வைத்தார்.

"கை எண்டா உது கை" என்றார்.

அப்பா இலேசில் ஒன்றைப் புகழ்கிறவர் அல்ல. என்னுடைய கொப்பிகளை வருடக்கணக்காகப் பார்த்தவர். "விளங்குது" என்பதைத் தவிர என் கையெழுத்தைப்பற்றி வேறொரு சொல் சொன்னதில்லை. அன்று மத்தியானம் சாப்பிடும்போதும், "அந்தப் பிள்ளையைச் சுவர் முழுக்கக் கீற விடவேணும்" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னேரம் வரவுக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நானும் ஒரு பூநாரை கீறிப் பார்த்தேன். கோழி வந்தது. கால் மட்டும் நீண்ட கோழி. அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை, இப்போதும் கொப்பியில் இருக்கிறது; அதற்குக்கூடத் திகதி போட்டிருக்கிறேன்.

அடுத்த கிழமை முழுக்க ஊரில் அதே கதைதான். பஸ் கொண்டக்டர், "பூநாரை இறக்கம் இருக்கோ?" என்று கேட்கத் தொடங்கிவிட்டான். தவராசா மாமா நிலையத்துக்கு வந்தவர்களிடம், "எங்கட சுகந்தியின்ர தரிப்பிடத்தைப் பாத்தனீங்களோ?" என்றார். நான் அதே மேசையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். நாயுருவி முளைத்துக் கிடந்த நாளில் அந்த இடத்தைப்பற்றி எழுந்து நின்று கதைத்தவள் யார் என்று அவருக்கு ஞாபகம் வரும் என்று பக்கத்தைத் திருப்பாமல் காத்திருந்தேன். வரவில்லை.

மூன்றாம் சனி காலை, பெயர் எழுதுகிற கதிரையும் மேசையும் தரிப்பிடத்துக்கு எதிரே, பூமணி அக்காவின் கடை வாசலில் போடப்பட்டிருந்தன. வழமையான ஆட்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். சுகந்தியை மட்டும் காணவில்லை. பக்கத்து ஊர்ச் சரவணையில் தன் மாமன் வீட்டு யன்னல்களுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ற் இருக்கிறது, அதை வாங்கி வருகிறேன் என்று முந்தின நாளே சொல்லியிருந்தாள். கோயில் மணிக்கு இன்னும் சற்று நேரம் இருந்தது. அப்போது வீதி வளைவில் அவள் வருவது தெரிந்தது. சைக்கிளுக்குக் காற்றுப் போய்விட்டது போலும், கரியரில் இரண்டு பெயின்ற் தகரங்களைக் கட்டிக்கொண்டு உருட்டிவந்தாள். ஓட முடியாமல் ஓடிவந்தாள்.

நான் சிவப்புப் பேனையை எடுத்தேன். அடிமட்டத்தை வைத்தேன். கோட்டைக் கீறினேன்.

இதை அவசரத்தில் செய்ததாக எழுதினால் பொய்யாகும். அடிமட்டம் வைத்துக் கீறுகிற அளவுக்கு எனக்கு நிதானம் இருந்தது. கொப்பியைத் திறந்து பார்த்தால் நான்கு கோடுகளிலும் அந்த மூன்றாவது கோடுதான் நேரானது.

அவள் மேசைக்கு முன்னால் வந்து சைக்கிளை நிறுத்தி, முழங்கையால் முகத்தைத் துடைத்தாள்.

"கோடு கீறியாச்சோ?"

"ஓம்."

மணி அப்போதுதான் அடிக்கத் தொடங்கியது. இரண்டு பேரும் கேட்டோம். அவள் கோயில் பக்கம் ஒருமுறை பார்த்தாள், பிறகு என் கையில் மூடாமல் இருந்த பேனையைப் பார்த்தாள்.

"சரி, கீழ போடும்" என்றாள். சொல்லிவிட்டுத் தகரங்களை அவிழ்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு வெயில் உச்சிக்கு வரும்வரை கீறினாள். ஒரு பூநாரை ஏழாகியது. பின்னால் பரவைக் கடலும், அதன் தொங்கலில் மண்டைதீவுப் பக்கத்துப் பனைகளும் வந்தன.

நான்காம் சனி பெயர்களைச் சுவரில் எழுத வேண்டும். தவராசா மாமா கொப்பியை வாங்கி, ஒவ்வொரு பெயராக வாசித்துச் சரிபார்த்தார். இருபத்துமூன்று பெயர்கள் வந்தன. விரலைப் பின்னுக்குக் கொண்டுபோய் மறுபடி தேடினார்.

"சுகந்தி?"

"மூண்டாம் சனி கோட்டுக்குக் கீழ, மாமா."

அவர் முகம் சற்றுச் சுருங்கியது. ஆனால் வாழ்க்கை முழுக்க வரவுப் புத்தகத்தோடு வேலை செய்தவர். "என்ன செய்யிறது, ஒராளுக்கு மாத்தினா எல்லாருக்கும் மாத்தவேணும்" என்று சொல்லிப் பட்டியலை ஒரு தாளில் எழுதுவித்தார். எழுதிக் கொடுத்தவள் நான். சுவரில் எழுதுவதற்கு அந்தத் தாளை அவர் நீட்டியது சுகந்தியிடம். வேறு யாருக்குப் பெயின்ற் பிறஸ் பிடிக்கத் தெரியும்?

அவள் தாளைச் சுவரில் ஒரு ஆணியில் குத்திவிட்டு, மேலிருந்து கீழாகப் பெயர்களைப் பார்த்தாள். பிறகு செல்லையா அண்ணையின் பெயரிலிருந்து தொடங்கினாள், ஏனென்றால் நான்கு நாளும் முதலாவதாக வந்தவர் அவர். எழுத்துக்கள் கோயில் கோபுரப் பலகையில் இருப்பதுபோல உருண்டு திரண்டு வந்தன. பதினோராவது பெயர் என்னுடையது. அவள் அதை எழுதும்போது நான் பின்னால் நின்றேன். "கௌரி" என்ற எழுத்துக்களை அவ்வளவு அழகாக யாரும் எழுதி நான் அதற்கு முன் கண்டதில்லை, பிறகும் காணவில்லை.

பூமணி அக்கா தேத்தண்ணித் தட்டத்தோடு வந்து பட்டியலைப் பார்த்தார். "உதென்ன கூத்து? மதில்ல குந்தியிருந்தவர் முதலாவது. கீறுற பிள்ளையின்ர பேரெங்க?"

செல்லையா அண்ணை சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். சுகந்தி பிறஸைப் பெயின்ற் பேணியில் தோய்த்தபடியே, திரும்பாமல், "நான் ஒருநாள் பிந்தி வந்தனான் அக்கா" என்றாள்.

அந்த நேரத்தில் நான் வாய் திறந்திருக்கலாம். என்னை யாரும் அடித்திருக்கமாட்டார்கள். அடுத்த பெயரை அவள் தொடங்கும்வரை நின்றுவிட்டு, வெறும் தேத்தண்ணிப் பேணிகளைப் பொறுக்கிக் கழுவக் கொண்டுபோனேன்.

அவளும் தாயும் சில வருடங்களில் திருகோணமலைப் பக்கம் போய்விட்டார்கள். தவராசா மாமா காலமாகிவிட்டார். பூமணி அக்காவின் கடை இருந்த இடம் பூட்டிய கேற்றாகிவிட்டது. வீதியை அகலித்தபோது தரிப்பிடத்தையும் இடித்தார்கள். இப்போது அங்கே தகரக் கூரையும் இருந்துகொள்ள இரும்பு வாங்குமாக ஒன்று நிற்கிறது, வெளிநாட்டில் இருக்கும் ஒரு குடும்பம் தாய் தகப்பன் ஞாபகமாகக் கட்டித் தந்தது. நல்ல நிழல். குறை சொல்வதற்கில்லை. சனிக்கிழமைகளில் ஊர் கூடுவதில்லை, புல்லு வெட்டும் மெசினோடு இரண்டு பேர் வருகிறார்கள்.

சென்ற மாதம் ஊர்க்காரர்களின் வட்சப் குழுவில், கனடாவில் இருக்கும் செல்லையா அண்ணையின் மகன் ஒரு பழைய படத்தைப் போட்டான். தரிப்பிடச் சுவர், ஏழு பூநாரை, ஓரத்தில் பட்டியல். "அப்பாவின்ர பேரைப் பாருங்கோ, முதலாவது!" என்று எழுதியிருந்தான். உடனே ஒருவர், படம் கீறினது ஆர் என்று கேட்டார். ஒருவருக்கும் ஞாபகமில்லை. ஆளாளுக்குப் பெரிதாக்கிப் பட்டியலை வாசித்து, இருபத்துமூன்று பேரில் ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டு வந்தார்கள். கடைசியில் லண்டனிலிருந்து ஒரு பிள்ளை எழுதினாள்: "கௌரி அக்காவாத்தான் இருக்கும். அவதானே கொப்பி எழுதினவ, எழுத்தும் வடிவு." அதற்கு வரிசையாகப் பூக்களும் கைதட்டல்களும் வந்தன. "இவ்வளவு நாளும் மூச்சுவிடாமல் இருந்திருக்கிறீங்கள் அக்கா!"

மற்றவர்களின் ஊர்க் கட்டுரைகளில் நாளோ கிழமையோ பிழையாக இருந்தாலும் அன்றைக்கே திருத்தி எழுதி அனுப்புகிறவள் நான். இதற்கு மட்டும் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். அந்தக் கைதட்டல்களைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஏழாம் வகுப்பில் வேண்டியிருந்தது அதுதான். பிந்தி வந்தாலும் இனித்தது என்பதை மறைக்கமாட்டேன்.

மூன்றாம் நாள், "கீறினது நான் இல்லை, சுகந்தி" என்று எழுதினேன். அப்படியென்றால் அவவின் பெயர் பட்டியலில் ஏன் இல்லை என்று கேள்வி வந்தது. "அவ மணி அடிக்க முதலே வந்திட்டா. வாறதைக் கண்டிட்டு நான் கோட்டைக் கீறிப்போட்டன்" என்று எழுதி அனுப்பினேன். பிறகு செல்லையா அண்ணையின் மகன், "அப்ப எங்கட அப்பா மெய்யாவே வேலை செய்தவரோ அக்கா? அதையும் சொல்லிப்போடுங்கோ" என்று சிரிப்பு முகங்களோடு கேட்டான். அதற்கு நானும் ஒரு சிரிப்பு முகத்தைப் போட்டேன்.

திருகோணமலையில் இருக்கும் ஒரு அண்ணை, சுகந்தியின் நம்பர் தன்னிடம் இருக்கிறது என்றும், அவள் இப்போது பள்ளிக்கூடச் சுவர்களுக்குப் படம் கீறுகிறாள் என்றும் எழுதி, இரண்டு படங்களையும் போட்டார். இரண்டிலும் கடல் இருந்தது. பழைய பூநாரைகள் அவற்றுக்குக் கிட்டவும் நிற்கா. "இஞ்ச சேர்க்கட்டோ பிள்ளை?" என்று என்னைக் கேட்டார், ஏன் என்னைக் கேட்டார் என்று எல்லோருக்கும் விளங்கியிருக்கும். அவள் வந்தால் அந்தக் குழு முழுவதும் அவளைச் சுற்றித்தான் நிற்கும், என்னுடைய திகதிகளை ஒருவரும் தேடப்போவதில்லை. அது தெரிந்தே, பொறாமை கொஞ்சமும் குறையாமலே, "சேருங்கோ" என்று எழுதினேன்.